காப்பாட்சியர் கல்வியும் வந்த வழிக் கணக்கும்

‘க்யூரேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்நாட்டு அருங்காட்சியகத் துறையில் வழங்கும் பதவிப் பெயர் ‘காப்பாட்சியர்’ என்பதாகும். நல்ல சொல். மூலமான லத்தீன் சொல்லுக்கும் அக்கறை, பராமரிப்பு என்பதே பொருள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் நிலத்தைப் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும். ஆகவே ஒரு பொருளைக் காப்பவர், அதன் கணக்கை அறிந்தவர், அதைப் பிறருக்குக் காட்டுபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்பது பழைய கருத்து.

இன்று அச்சொல்லின் பொருள் நகர்ந்திருக்கிறது. 1969-இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஹரால்ட் சேமன் என்பவர் அமைத்த கண்காட்சிக்குப் பிறகு, க்யூரேட்டர் என்பவர் கண்காட்சிக்கு ஓர் ஆசிரியர் போல ஆனார். அதன் பின் இது கலைப் பள்ளிகளில் பாடமாயிற்று. பிரான்சில் கிரெனோபிள் நகரில் 1987-இலும், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் 1992-இலும் இதற்கெனத் தனிப் படிப்புகள் தொடங்கின. ஓவியர் தன் ஓவியப் பணியையே ஆய்வாகக் கொண்டு பட்டம் பெறும் முறையும் கூடவே வளர்ந்தது. அதைக் ‘கலைவழி ஆய்வு’ எனலாம்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. பரோடாவில் 1950-இல் நுண்கலைப் புலமும், 1952-இல் அருங்காட்சியகவியல் துறையும் ஏற்பட்டன. தில்லியில் 1989-இல் தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு நிறுவனம் தொடங்கிக் கலை வரலாறு, பாதுகாப்பு முறை, அருங்காட்சியகவியல் மூன்றையும் கற்பித்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2001-இல் கலை மற்றும் அழகியல் புலம் வந்தது. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியென்னாலேயை ஒட்டி 2014 முதல் மாணவர் பியென்னாலே நடைபெறுகிறது. இளம் க்யூரேட்டர்கள் அரசுக் கலைக் கல்லூரிகளுக்குப் போய், அங்குள்ள மாணவர்களின் படைப்புகளைத் திரட்டிக் காட்டுகிறார்கள்.

பாத்திர வியாபாரி ஒருவன் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் கடைக்கு வந்தார்கள். “நயினார், நீங்க படிக்கிற மனுஷர். பொண்ணு மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில பன்னிரண்டு முடிச்சா. காலேஜ்ல சரித்திரம் எடுத்தா. இப்ப க்யூரேட்டிங் படிக்கணும்னு நிக்கறா. சுவத்துல படம் மாட்டறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?” என்று தகப்பனார் கேட்டார். கேள்வி நியாயமானது. கட்டணம் கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார். அவருக்கு அன்று வாயால் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

மந்திர் மார்க்கே ஒரு பாடம்

தில்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் என்றால் தமிழ்ப் பள்ளி, பிர்லா கோயில், பஸ் ஸ்டாப் என்றுதான் நினைவு. இத்தெருவுக்கு முன்பு ரீடிங் ரோடு என்று பெயர். வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயர் அது. கோயில் வந்த பிறகு மந்திர் மார்க் ஆயிற்று. ஒரு தெருப்பலகைக்கே முன் கதை உண்டு என்றால், பொருள்களுக்கு எவ்வளவு இருக்கும்!

பிர்லா கோயில் எனப்படும் லட்சுமி நாராயணர் கோயிலை வடிவமைத்தவர் ஸ்ரீஷ் சந்திர சட்டர்ஜி. எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையின் பேரில் காந்தியடிகள் 1939-இல் அதைத் திறந்து வைத்தார். அங்கே சுவர்களில் வாசகங்களும் சித்திரங்களும் திட்டமிட்டு வைக்கப்பட்டுள்ளன. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் படிப்பது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்குத்தான் இன்று க்யூரேட்டிங் என்று பெயர்.

அதே தெருவில் வால்மீகி கோயில் இருக்கிறது. 1946, 1947 ஆண்டுகளில் காந்தியடிகள் அங்கே துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் தங்கினார். அவர் தங்கிய சிறு அறை இன்றும் அங்கேயே பாதுகாக்கப்படுகிறது. பொருளைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே தெருவில் இரண்டு முறைகளைக் காண்கிறோம். ஒன்று, காட்டுவதற்காகத் தேர்ந்து அடுக்கியது. மற்றொன்று, நடந்த இடத்திலேயே காத்து வைத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பார்க்கப் பழகிய பிள்ளைக்குக் காப்பாட்சியர் கல்வியின் முதல் பாடம் முடிந்தது எனலாம்.

எழும்பூர் முன்னோடிகள்

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் கலைப் பள்ளி தொடங்கினார். 1851-இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. ஒன்று செய்யக் கற்பித்தது. மற்றொன்று சேர்த்து வைத்தது. இவ்விரண்டையும் பாடத்தால் இணைக்கும் முயற்சி வெகு காலம் கழித்தே வந்தது. ஆயினும் பட்டம் இல்லாமலே அந்த வேலையைச் செய்தவர்கள் எழும்பூரில் இருந்தார்கள்.

அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி அடிப்படையில் விலங்கியல் அறிஞர். அவரும் டி.என். இராமச்சந்திரனும் சேர்ந்து 1932-இல் அருங்காட்சியகத்தின் உலோகப் படிமங்களுக்கு ஓர் அட்டவணை நூல் வெளியிட்டார்கள். அதன் பெருமை, படிமம் எந்த ஊரில் கிடைத்தது என்பதைக் குறித்து வைத்ததுதான். பூச்சியைப் பிடித்தவன் பிடித்த இடத்தைச் சீட்டில் எழுதுவான். அந்த ஒழுக்கம் படிமத்துக்கும் வந்தது. அடுத்து 1934-இல் இராமச்சந்திரன் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் பற்றித் தனி நூல் எழுதினார். அங்குள்ள சங்கீத மண்டபம் விஜயநகர அரசின் தளபதி இருகப்பரால் 1387-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அதன் விதானத்தில் விருஷப தேவர், வர்த்தமானர் முதலியோரின் வரலாறு ஓவியமாக இருக்கிறது. படத்தின் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். கவனியுங்கள்: லேபிள் எழுதுவதை நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தரவில்லை. சித்திரம் எழுதிய கையோடு, பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்று, அவன் மொழியிலேயே எழுதி வைத்தார்கள்.

சி. சிவராமமூர்த்தியைத் தில்லித் தமிழர் மறக்கலாகாது. சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1942-இல் அமராவதிச் சிற்பங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர். பின்னர் தில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக உயர்ந்தார். 1983-இல் வெளிவந்த அவருடைய சமணக் கலை நூலை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். தம் நூல்களுக்கான கோட்டோவியங்களை அவரே வரைந்தார் என்பது நோக்கத்தக்கது. ஒரு சிற்பத்தின் காதணியைக் கையால் வரைந்து பார்ப்பவனுக்கு, அதைப் போட்டோ எடுத்துப் போகிறவனைவிட ஒரு படி கூடுதலாகத் தெரியும். கையும் கண்ணும் படிப்பும் சேர்ந்த இந்த முறையைத்தானே இன்று கலைவழி ஆய்வு என்று புதிதாகப் பெயரிட்டுச் சொல்கிறார்கள்?

குளமா, காதிகா பூமியா?

பொருளின் ஊர் தெரிந்தால் மட்டும் போதாது. அதை வைத்திருந்தவர்கள் அதை என்னவாகக் கண்டார்கள் என்பதும் தெரிய வேண்டும். இதற்குச் சித்தன்னவாசலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அக்குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று ஆடவர். சுற்றுலா வந்தவர் ‘என்ன அழகான குளம்!’ என்று சொல்லிவிட்டுப் போவார். சமணருக்கு அது வெறும் குளம் அன்று. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணத்தில் பல வளாகங்கள் உண்டு. அவற்றில் நீர்நிலை சூழ்ந்த பகுதி காதிகா பூமி. அங்கே பவ்யர்கள், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுடையோர், பூக்கொய்கிறார்கள். இராமச்சந்திரன் இந்த விளக்கத்தை முன்வைத்த பிறகுதான் ஓவியத்தின் பொருள் கலை உலகுக்குத் திறந்தது. எங்கள் வீடுகளில் ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்ட கிழவிக்கு சமவசரணம் தெரிந்த சங்கதி. அவளைக் கேட்டவர்தாம் இல்லை.

காலக் கணக்கிலும் இதே பாடம். இந்த ஓவியங்களைப் பல்லவ மகேந்திரவர்மன் காலத்தவை என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். அங்குள்ள தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டோ, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பார் பாண்டியன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், அக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. கல்வெட்டைப் படித்த பின் ஓவியத்துக்கு வயது மாறியது. தமிழ் படிக்கத் தெரிந்தவனால் நடந்த வேலை இது.

வந்த வழி தெரியாத சரக்கு

வியாபாரத்தில் ஒரு பழமையான விதி உண்டு. சரக்கு எவ்வளவு பளபளத்தாலும், எங்கிருந்து வந்தது, யார் கை மாறியது, பில் எங்கே என்று கேட்காமல் வரவு வைக்கக் கூடாது. கலை உலகில் இதற்கு ‘ப்ராவினன்ஸ்’ என்று பெரிய பெயர். நான் வந்த வழி என்பேன்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் கதையைப் பலரும் அறிவர். அது திருடுபோய், நியூயார்க் வியாபாரி ஒருவர் வழியாக, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. கூட வந்த காகிதங்கள், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே அது இந்தியாவை விட்டுப் போனதாகக் காட்டின. நம்ம தில்லியில் வாங்கியதாகவே அதில் கதை எழுதியிருந்தது! ஆனால் அதே படிமம் கோயிலில் இருந்தபோது 1990-களில் எடுத்த புகைப்படம், 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது. புகைப்படத்தையும் படிமத்தையும் ஒப்பிட்டதும் பொய் உடைந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதைத் தில்லியிலேயே நம் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

அந்தக் கலைக்கூடத்தில் படித்தவர்களுக்கும் பணத்துக்கும் பஞ்சமா? கிடையாது. பில்லைப் பார்த்தார்கள், ஊரைப் பார்க்கவில்லை. எங்கள் கடைக்கு ஒருவன் பழைய குத்துவிளக்கு கொண்டுவந்தால்கூட, “எந்த வீட்டு விளக்கு அப்பா?” என்று கேட்காமல் தராசில் வைக்க மாட்டோம்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1976-இல் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்து, அங்கே வழக்கு நடந்தது. டாக்டர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். பத்தூரில் கிடைத்த மற்றப் படிமங்களோடு அதை ஒப்பிட்டுக் காட்டினார். 1991-இல் படிமம் தமிழ்நாடு திரும்பியது. அவர் தம் பணிவாழ்வின் தொடக்கத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்தவர் என்பது தற்செயலான செய்தியன்று. அங்கே பெற்ற பயிற்சி கோர்ட்டில் நின்று பேசியது.

புதிய கல்வியில் நிறையும் குறையும்

இனி, கலைப் பள்ளிகள் இன்று தரும் கல்விக்கு வருவோம். நிறையை முதலில் சொல்வது முறை.

பழைய காப்பாட்சியர்கள் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டார்கள். ‘இதைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை?’ என்று பெரும்பாலும் கேட்கவில்லை. ‘தீர்த்தங்கரர், கல், 10-ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. அந்த ஊரில் இன்றும் வணங்குவோர் உண்டா, கல்லை எடுத்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சீட்டில் இடமில்லை. புதிய கல்வி இந்தக் கேள்வியைக் கேட்கிறது. ஓவியனையும் ஊராரையும் ஆய்வில் பங்காளியாக்க வேண்டும் என்கிறது. இது பெரிய முன்னேற்றம்.

செய்து பார்த்து அறிவதற்கு அது தரும் மதிப்பும் போற்றத்தக்கது. சென்னைக் கலைப் பள்ளியில் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், நம் மண்ணுக்குரிய வடிவம் எது என்று தேடும்படி மாணவரைத் தூண்டினார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார். அந்த வட்டத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் பார்த்தால் எங்கள் தொழிலுக்காரனுக்குக் கை பரபரக்கும். செப்புத் தகட்டைத் தட்டிப் புடைத்துச் செய்தவை அவை. கோயிலில் மூலவருக்குச் சார்த்தும் கவசத்தின் நினைவு வரும். பாத்திரக்காரனும் கன்னானும் அறிந்த தகட்டு வேலையை அவர் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோனார். ‘தகடு என்னவெல்லாம் செய்யும்?’ என்ற கேள்விக்குச் சுத்தியலால் விடை கண்டார். அது ஆய்வு இல்லையென்றால் வேறு எது ஆய்வு?

இனி குறை. தில்லியில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். பழைய பித்தளைக் குடங்களையும் அண்டாக்களையும் ஆள் உயரத்துக்கு அடுக்கி, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. சுவரில் நீண்ட ஆங்கில வாசகம். நினைவு, உடல், வெளி என்று போயிற்று. நான் குனிந்து குடங்களைப் பார்த்தேன். கழுத்தில் தமிழில் பெயர் வெட்டியிருந்தது! நம் ஊரில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித்தானே கொடுப்போம்? பெண்ணின் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, சிலவற்றில் ஆண்டு. ஐந்தாறு பெண்களின் பெயரை அங்கே நின்று படித்தேன். சுவர் வாசகத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பொறுப்பில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். “அது டிசைன்னு நினைச்சோம் அங்க்கிள்” என்று இந்தியில் சொன்னான். நல்ல பிள்ளைதான். மரியாதையாகவே பேசினான். அவனுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும் என்று அவன் படிப்பும் சொல்லித் தரவில்லை.

குறை இதுதான். நினைவைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிகிறது. நினைவு குடத்தின் கழுத்திலேயே வெட்டியிருப்பது கண்ணில் படவில்லை. கோட்பாட்டு நூல்களைப் படிப்பதைக் குறை சொல்லேன், படிக்கட்டும். ஆனால் ஒரு கண்காட்சி அமைக்கும் மாணவன், அதில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வரி எழுதியாக வேண்டும் என்று விதி வேண்டும்: எந்த ஊர், யார் கையிலிருந்து, அவர்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள். இந்த மூன்றும் இல்லாமல் எழுதும் சுவர் வாசகம், வரவு இல்லாத பேரேட்டில் எழுதிய லாபம் போன்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய்ப் படம் பிடித்து வருவதைக் ‘கள ஆய்வு’ என்கிறார்கள். எடுத்த படத்தின் ஒரு பிரதியையும், எழுதியதன் தமிழாக்கத்தையும் அந்த ஊர்க் கோயிலிலோ பள்ளியிலோ கொடுத்துவிட்டு வரவேண்டும். பிற்காலத்தில் ஒரு படிமம் காணாமல் போனால், அந்தப் பிரதியே சாட்சி. ஸ்ரீபுரந்தானில் நடந்தது இதுதானே?

நம் பிள்ளைகளின் முதல்

தேசிய அருங்காட்சியகத்தில் திருவரங்குளத்து நடராசர் இருக்கிறார். சதுர தாண்டவக் கோலம். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்ச் சோழர் படிமம் அது. அவர் முன் நின்று, பெயர்ச்சீட்டிலுள்ள ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த வழிகாட்டி எத்தனை பேர்? நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களில் ‘யுகே யுகீன் பாரத்’ என்ற புதிய தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய இடமாற்றத்தில் ஒவ்வொரு பொருளும் கை மாறும். புதிய சீட்டும் எழுதப்படும். தென்னாட்டுப் படிமங்களுக்கு அந்தச் சீட்டை எழுதுவது யார் என்பதே என் கவலை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கை அந்த அறையில் இருக்க வேண்டும்.

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தி வரும், ஆங்கிலம் வரும். மந்திர் மார்க்கிலோ மற்றத் தமிழ்ப் பள்ளிகளிலோ படித்தவர்களுக்குத் தமிழ் எழுத்தும் வரும். வீட்டில் பாட்டியிடமிருந்து சொற்களும் வரும். இந்த நான்கும் சேர்ந்தது பெரிய முதல். அதன் மேல் கல்வெட்டுப் படிப்பு வேண்டுமானால் தமிழ்நாடு தொல்லியல் நிறுவனத்தில் பட்டயப் படிப்பு உண்டு. சம்பளம் கம்ப்யூட்டர் வேலைக்கு ஈடாகாது. அதை மறைத்துச் சொல்வது வியாபார தர்மம் அன்று. பணியிடங்களும் குறைவு. அதனால் படிக்கப் போகிற பிள்ளை கையால் வரையவும், தமிழ் எழுத்தைப் பழைய வடிவத்தில் படிக்கவும், கணக்கு எழுதவும் கற்றுக்கொண்டு போகட்டும். கண்காட்சி வேலை இல்லாத காலத்திலும் இந்த மூன்றும் சோறு போடும்.

“படம் மாட்டறதுக்கு ரெண்டு வருஷமா?” என்று கேட்ட நண்பருக்கு என் விடை: ஆணி அடிக்க ஐந்து நிமிஷம் போதும் சார். அந்தப் படம் யாருடையது, எங்கிருந்து வந்தது, அதைத் திருப்பிக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்று அறிய இரண்டு வருஷம் போதாது. அனுப்புங்கள். போகும்போது வீட்டில் பரணில் இருக்கும் பழைய பாத்திரங்களை இறக்கி, அவற்றில் வெட்டியிருக்கும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவள் எழுதும் முதல் அட்டவணை அதுவாக இருக்கட்டும்.